பழைய ஏ.டி. கேபினெட், புது மதர்போர்டு: பவர் பட்டன் வயரை எங்கே கொடுப்பது?

திண்டுக்கல் டி.டி.பி.:

அனைவருக்கும் வணக்கம். அப்பா நடத்திய டி.டி.பி. சென்டரில் 90களில் ஓடிய 486 மெஷினின் ஏ.டி. கேபினெட்டை (இப்போதைய ஏ.டி.எக்ஸ். அமைப்புக்கு முந்தைய வகை) எடுத்துப் புது போர்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். மானிட்டரை மேலே தூக்கி வைக்கிற படுக்கை மாடல். முன்னால் சதுரமான பெரிய பவர் பட்டன், அதற்குக் கீழே சின்னதாக ரீசெட், டர்போ (வேகத்தை மாற்றும் பட்டன்), பக்கத்தில் ஒரு சாவித் துவாரம், 66 என்று பச்சையில் காட்டும் டிஸ்ப்ளே. சாவியும் பத்திரமாக இருக்கிறது. தகரம் நல்ல கெட்டி, துரு கிடையாது. அலமாரியில் அழகுக்கு வைக்கச் செய்யவில்லை. தினமும் கணக்கு எழுதவும் போட்டோ திருத்தவும் இதைத்தான் பயன்படுத்தப் போகிறேன்.

உள்ளே இருந்த பழைய மதர்போர்டு தேறவில்லை. போர்டிலேயே சால்டர் செய்திருந்த 3.6 வோல்ட் பேட்டரி கசிந்து, கீபோர்டு சாக்கெட் வரைக்கும் செப்புப் பாதையெல்லாம் பச்சை பூத்து அரித்துவிட்டது. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் (பவர் சப்ளை பெட்டி) உயிரில்லை. அதனால் மினி ஐ.டி.எக்ஸ். என்ற சின்ன அளவு போர்டு ஒன்று வாங்கினேன். பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டி, போர்டின் நாலு துளைக்கும் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சின்னக் கால்) போட்டு உட்கார வைத்தாயிற்று. பின்பக்கத் தகரத்தில் கீபோர்டுக்கு மட்டும் வட்டமாக ஒரு துளை இருந்தது, அதை போர்ட்டுகளுக்குத் தக்கபடி வெட்டிவிட்டேன். புது ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். பழையது இருந்த இடத்திலேயே, அதே நாலு ஸ்க்ரூவில் கச்சிதமாக உட்கார்ந்தது.

சிக்கல் பவர் பட்டனில். அதற்குப் பின்னால் கறுப்புப் பெட்டி போல ஒரு சுவிட்ச், அதில் நாலு தடித்த வயர்: பிரவுன், நீலம், கறுப்பு, வெள்ளை. நாலும் ஒரே உறைக்குள் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் போகின்றன. அமுக்கினால் உள்ளேயே நின்றுவிடுகிறது, இன்னொரு தடவை அமுக்கினால்தான் வெளியே வருகிறது. புது போர்டில் பவர் சுவிட்சுக்கு இரண்டே பின். நாலு வயரில் எந்த இரண்டைக் கொடுப்பது? இங்கே ஒரு கடையில் கேட்டதற்கு, “எந்த ரெண்டையும் கொடுங்க, ஓடும்” என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதே பட்டன்தான் வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. முன்பக்கத்தில் புதிதாகத் துளை போட மாட்டேன். டிஸ்ப்ளேயும் சாவியும் பயன்பட்டால் இன்னும் மகிழ்ச்சி. சால்டரிங் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது.


நெல்லை கேமர்:

ரீசெட் பட்டனை எடுத்து பவர் பின்னில் மாட்டுங்க, முடிஞ்சது. ரீசெட் பட்டன் எல்லா கேபினெட்லயும் அமுக்கினா இணையும், விட்டா பிரியும். வயரும் மெலிசு, நுனியில ரெண்டு பின் கனெக்டரும் இருக்கும். புது போர்டுக்கு ரீசெட் இல்லாமலே ஓட்டலாம், நான் பல வருஷமா அப்படித்தான் வெச்சிருக்கேன்.


ஈரோடு ஹார்டுவேர்:

இன்னொரு வழி. பழைய சுவிட்சை மெயின் சுவிட்சாகவே வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் பவர் கார்டை வெட்டி, சுவிட்ச் வழியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கொடுங்கள். பிறகு பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) ‘ரெஸ்டோர் ஆன் ஏ.சி. பவர் லாஸ்’ என்பதை ‘பவர் ஆன்’ என்று மாற்றிவிட்டால், கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும். பில்லிங் மெஷின்களில் இந்த செட்டிங்கைத்தான் போடுகிறோம், தொந்தரவே இல்லை.


சால்டரிங் அக்கா:

தம்பி, வயரை வெட்டறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, ரொம்ப சந்தோஷம். நான் கோயமுத்தூர்ல அசெம்ப்ளி பெஞ்சுல 90கள்ல இருந்து வேலை பார்த்தவ. ஏ.டி. கேபினெட்டெல்லாம் என் கையால மாட்டி அனுப்பினது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

கடையில சொன்னதை மறந்துடுங்க. அந்த நாலு வயர்ல ஓடினது 230 வோல்ட். ஏ.டி. காலத்துல முன்பக்க பட்டன்தான் மெயின் சுவிட்ச். சுவத்துல இருந்து வர்ற கரண்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ள நுழைஞ்சு, அந்த தடிமனான கேபிள்ல பட்டன் வரைக்கும் வந்து, பட்டனைத் தாண்டி மறுபடி உள்ள போகும். வழக்கமா பிரவுனும் நீலமும் வர்ற வயர். பிளக் சொருகியிருந்தாலே அதுல கரண்ட் நிக்கும், பட்டனை அமுக்காட்டியும்தான். கறுப்பும் வெள்ளையும் திரும்பிப் போற வயர். ஆனா கலரை நம்பி கை வைக்காதீங்க. சுவிட்சோட காதுல (வயர் சொருகற உலோக முனை) வயரை மாத்திச் சொருகிட்டா லைனும் நியூட்ரலும் நேரா முட்டிக்கும், அமுக்கின நொடியில ஃப்யூஸ் போகும். அந்தக் காலத்துல சர்வீஸுக்கு வந்த கேபினெட்ல இதை நான் நிறைய பார்த்திருக்கேன்.

1995ல இன்டெல் ஏ.டி.எக்ஸ். கொண்டுவந்தப்போ இந்த ஏற்பாடே மாறிடுச்சு. இப்போ பிளக் சொருகினதும் எஸ்.எம்.பி.எஸ். ஊதா வயர்ல 5 வோல்ட் கொடுத்துட்டே இருக்கும். அதுக்கு ஸ்டாண்ட்பைன்னு பேர். போர்டு அந்த 5 வோல்ட்ல அரைத்தூக்கத்துல இருக்கும். நீங்க பட்டனை அமுக்கினா பவர் சுவிட்ச் பின் கிரவுண்டைத் தொடும். போர்டு அதைப் பார்த்துட்டு, 24 பின் கனெக்டர்ல இருக்கற பச்சை வயரைக் கீழ இழுக்கும். அப்புறம்தான் எஸ்.எம்.பி.எஸ். முழுசா எழுந்து 12 வோல்ட்டும் மத்ததும் கொடுக்கும். அதாவது பட்டன் வழியா மெஷினோட கரண்ட் எதுவும் போறதில்லை. வாசல் காலிங் பெல் மாதிரி, கூப்பிடறது மட்டும்தான் அதோட வேலை. கூப்பிட்டுட்டு விரலை எடுத்துடணும்.

எடுக்காட்டி என்ன ஆகும்? உங்க பட்டன் உள்ளயே நிக்குதுன்னு சொன்னீங்க. அதை அப்படியே போர்டுல கொடுத்தா மெஷின் ஆன் ஆகும், ஃபேன் சுத்தும், 4 செகண்ட்ல ஆஃப் ஆயிடும். தொங்கிப்போன மெஷினை பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு நிறுத்தறோமே, அதே கணக்கு. இது தெரியாம போர்டு போச்சுன்னு ரிட்டர்ன் கொண்டுவர்றவங்க உண்டு.

ஈரோடு தம்பி சொன்ன பயாஸ் செட்டிங் நல்ல செட்டிங்தான். மேசைப் பலகையில இருக்கற சுவிட்சால ஆன் பண்ற கடைகளுக்கு ரொம்பப் பொருத்தம். ஆனா கேபினெட் முகப்புக்கு மறுபடி 230 வோல்ட்டைக் கொண்டுவர்றதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்த சுவிட்சோட பிளாஸ்டிக்குக்கு வயசு 25க்கு மேல. காதுல சொருகியிருக்கற உறை எல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கும். அதுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி யு.எஸ்.பி. வயரும் எல்.இ.டி. வயரும் ஓடும். ஒரு வயர் கழண்டு தகரத்துல பட்டா வீட்ல யார் தொடறாங்கன்னு சொல்ல முடியாது. போதாததுக்கு, விண்டோஸ் அப்டேட் நடக்கறப்போ யாராவது பழக்கதோஷத்துல பட்டனை அமுக்கினா மொத்தமா கரண்டே போயிடும். மெயின்ஸ் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். முகப்புக்கு 5 வோல்ட்டுக்கு மேல எதுவும் வேண்டாம். இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

இப்போ வேலைக்கு வருவோம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை அந்த நாலு வயரோட சேர்த்து முழுசா வெளிய எடுத்துடுங்க. அதைத் திறந்து பார்க்கற ஆசை வேண்டாம், உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர் ரெண்டும் சேர்ந்து 325 வோல்ட் வரைக்கும் ஏறி இருந்தது. சுவிட்ச் காதுல ஒரு பழைய வயர்கூட மிச்சம் இருக்கக் கூடாது.

அடுத்து, பட்டனை விட்டுட்டு போர்டை மட்டும் சோதிங்க. முன்பக்க பின்கள் பெரும்பாலான போர்டுல ஒரே அடுக்குதான்: ரெண்டு வரிசை, 9 பின், பத்தாவது இடம் காலி. ஒத்தைப்படை வரிசையில 1, 3 ஹார்ட் டிஸ்க் எல்.இ.டி., 5, 7 ரீசெட். இரட்டைப்படை வரிசையில 2, 4 பவர் எல்.இ.டி., 6, 8 பவர் சுவிட்ச். காலி இடத்தை வெச்சு எண்ணினா தப்பாது, ஆனாலும் போர்டோட புத்தகத்தைப் பார்த்துக்கோங்க. மீட்டரை டி.சி.யில வெச்சு 6, 8 நடுவுல அளந்தா 3.3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ காட்டும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால அந்த ரெண்டையும் ஒரு கணம் தொட்டா மெஷின் எழும். எழுந்தா போர்டு பக்கம் சரி, மிச்சம் எல்லாம் பட்டன் வேலை.

பட்டனை ரெண்டு விதமா பண்ணலாம். சுவிட்சைக் கழட்டி மேல் மூடியைப் பாருங்க, அல்லது பக்கவாட்டுல பாருங்க. குண்டூசி மொத்தத்துல, ரெண்டு முனையும் மடிச்ச ஒரு கம்பி இருக்கும். ஒரு முனை பெட்டியில நிலையா இருக்கும், இன்னொரு முனை தண்டுல வெட்டியிருக்கற இதய வடிவக் காடிக்குள்ள ஓடும். பட்டன் உள்ளயே நிக்கறதுக்கு அந்தக் கம்பிதான் காரணம். ட்வீசரால மெதுவா தூக்கி எடுத்துடுங்க. பிளேடு போட்டு நெம்பினா மூடி உடையும், அவசரமே வேண்டாம். கம்பி வெளிய வந்ததும் பட்டன் அமுக்கினா உள்ள போகும், விட்டா ஸ்பிரிங்ல திரும்பி வரும். நமக்கு வேண்டியது அதுதான். பழைய டி.வி.ல இருந்த பவர் சுவிட்சும் இதே ஜாதி. பக்கத்துல வயசான டி.வி. மெக்கானிக் இருந்தா கேளுங்க, கண்ணை மூடிட்டு எடுத்துக் கொடுப்பார்.

பலர் இதோட நிறுத்திட்டு, அதே சுவிட்ச் காதுல ரெண்டு மெலிசு வயரை வெச்சு போர்டுக்குக் கொடுத்துடுவாங்க. முதல் வாரம் ஓடும். அப்புறம் ஒரு நாள் நாலு தடவை அமுக்கினாத்தான் எழும். இதுக்குக் காரணம் இருக்கு. அந்த சுவிட்ச் சில ஆம்பியர் கரண்டைத் தாங்கறதுக்குச் செஞ்சது. அதுக்குள்ள வெள்ளி பூசின காண்டாக்ட். வெள்ளி காலப்போக்குல கறுத்து ஒரு படலம் பிடிக்கும். 230 வோல்ட்ல ஓடினப்போ ஒவ்வொரு தடவையும் வர்ற சின்னப் பொறியே அந்தப் படலத்தைக் குத்தி வழி பண்ணிடும். போர்டோட பின்ல இருக்கறது 3.3 வோல்ட், ஓடற கரண்ட் பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியர்கூட இருக்காது. அந்தத் துளிக் கரண்டால படலத்தைத் துளைக்க முடியாது. மீட்டரை ஓம்ல வெச்சு, பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பாருங்க, ரீடிங் ஆடறது தெரியும்.

அதனால பழைய சுவிட்சை வெறும் ஸ்பிரிங்காவும் தண்டுக்கு வழிகாட்டியாவும் மட்டும் வெச்சுக்கோங்க. காண்டாக்ட் வேலைக்கு 6 மில்லிமீட்டர் டேக்ட் சுவிட்ச் (அமுக்கினா ‘டிக்’னு சேர்ற குட்டி பட்டன்) ஒண்ணு போடுங்க. எலக்ட்ரானிக்ஸ் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், துளிக் கரண்டுக்குன்னே செஞ்சது. அதுக்கு நாலு கால் இருக்கும், ரெண்டு ரெண்டா உள்ளயே இணைஞ்சிருக்கும். எது எதோட சேர்ந்திருக்குன்னு குழப்பம் வந்தா மூலைக்கு மூலை எதிர்ல இருக்கற ரெண்டு காலை எடுத்துக்கோங்க, எப்பவும் சரியா வரும்.

இங்கதான் கவனம் வேணும். டேக்ட் சுவிட்ச் கால் மில்லிமீட்டர்தான் உள்ள போகும். உங்க பட்டன் நாலைஞ்சு மில்லிமீட்டர் போகும். விறைப்பா எதிர்ல வெச்சா கட்டைவிரல் பலம் முழுக்க அந்தக் குட்டி சுவிட்ச் மேல இறங்கி நசுக்கிடும். பட்டன் மூடியை நேரா இழுத்தா கையோட வரும். அதோட பின்விளிம்பு எவ்வளவு தூரம் உள்ள போகுதுன்னு பென்சிலால குறிச்சுக்கோங்க. துளை துளையா இருக்கற ஜீரோ பி.சி.பி.ல ஒரு துண்டு வெட்டி, டேக்ட் சுவிட்சை அதுல சால்டர் பண்ணி, பழைய சுவிட்சைப் பிடிக்கற ஸ்க்ரூ ஒண்ணுலயே அந்தத் துண்டையும் சேர்த்து முடுக்குங்க. பட்டன் தன் ஓட்டத்தோட கடைசியைத் தொடறப்போ விளிம்பு டேக்ட் சுவிட்ச் தலையில படணும். தலை மேல சைக்கிள் டியூப் துண்டு ஒண்ணு ஒட்டுங்க, மிச்ச அழுத்தத்தை ரப்பர் வாங்கிக்கும். உயரம் பத்தலைன்னா பி.சி.பி.க்குக் கீழ வாஷர் சேருங்க. பிளாஸ்டிக் வாஷரா இருக்கட்டும். இரும்பு வாஷர் போட்டு சால்டர் முனை தகரத்துல பட்டா, பட்டனை யாரோ அமுக்கியே பிடிச்ச மாதிரி ஆயிடும், மறுபடி அதே 4 செகண்ட் கதைதான்.

வயருக்கு, ஏதாவது உடைஞ்ச கேபினெட்ல இருந்து ரீசெட் வயரை வெட்டிக்கோங்க, கனெக்டரோட கிடைக்கும். சுவிட்சுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் சரி.

கடைசியா எர்த். பழைய எஸ்.எம்.பி.எஸ். கேபிளோட ஒரு பச்சை வயர் முகப்புத் தகரத்துல ஸ்க்ரூ போட்டு இருந்திருக்கும், இப்போ அது போயிடுச்சு. புது எஸ்.எம்.பி.எஸ். தன் நாலு ஸ்க்ரூ வழியாத்தான் கேபினெட்டுக்கு எர்த் கொடுக்குது. பெயின்ட் மேல முடுக்கியிருந்தா தொடர்பு இருக்காது. அந்த இடத்துல பெயின்ட்டைச் சுரண்டிட்டு, பவர் கார்டைச் சுவத்துல சொருகாம எஸ்.எம்.பி.எஸ்.ல மட்டும் மாட்டி, பிளக்கோட பெரிய பின்னுக்கும் முகப்புத் தகரத்துக்கும் மீட்டர் வெச்சுப் பாருங்க, பீப் அடிக்கணும். நம்ம ஊர்ல சிபியு தொட்டா சுரீர்னு இழுக்குதுன்னு சொல்றது பெரும்பாலும் எர்த் இல்லாததாலதான். எஸ்.எம்.பி.எஸ்.ல இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டும் தகரத்தைப் பாதி வோல்ட்டேஜுக்குத் தூக்கி வெச்சிடும். கரண்ட் கொஞ்சம்தான், இருந்தாலும் உங்களுது முழுக்க இரும்புப் பெட்டி. வீட்டு சாக்கெட்லயும் எர்த் உண்மையா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துடுங்க.


ஈரோடு ஹார்டுவேர்:

அக்கா சொல்வது சரி. நான் சொன்னது வெளி சுவிட்சுக்குத்தான் பொருந்தும், முகப்பு வரை மெயின்ஸ் வேண்டாம். காண்டாக்ட் கறுப்பதைப் பற்றி ஒரு சேர்க்கை: டேக்ட் சுவிட்ச் வைக்க இடமே இல்லாத கேபினெட்டாக இருந்தால், பழைய சுவிட்சில் இரண்டு ஜோடி காண்டாக்ட் இருக்கிறதல்லவா, இரண்டையும் இணையாகச் சேர்த்துக் கொடுக்கலாம். ஒன்று படலத்தால் விட்டுப்போனாலும் மற்றது பிடிக்கும். டேக்ட் சுவிட்ச் அளவுக்கு உறுதி கிடையாது.


திண்டுக்கல் டி.டி.பி.:

அக்கா, நீங்கள் சொன்னபடியே எல்லாம் கழற்றினேன். கம்பி பக்கவாட்டில் இருந்தது, சின்னத் தகட்டுக் கவ்வி ஒன்று அதை அழுத்திப் பிடித்திருந்தது. கவ்வியை ஓரமாகத் தள்ளியதும் கம்பி தானாக ட்வீசரில் வந்துவிட்டது. பட்டன் இப்போது விட்டால் திரும்புகிறது. ஆர்வத்துக்குப் பழைய காண்டாக்டை ஓமில் வைத்துப் பார்த்தேன். ஒரு அமுக்கலில் 2 ஓம், அடுத்ததில் 400, அதற்கடுத்து இணைப்பே இல்லை. இதையா போர்டில் கொடுக்க இருந்தோம் என்று பட்டது.

டேக்ட் சுவிட்சைப் பட்டன் மூடியின் கீழ்விளிம்பில் படும்படி வைத்திருக்கிறேன். முதலில் டியூப் ரப்பர் ஒரு மடிப்பு போட்டேன், ஓரத்தில் அமுக்கினால் பிடித்தது, நடுவில் அமுக்கினால் பிடிக்கவில்லை. இரண்டு மடிப்பாக்கி, ஒரு நைலான் வாஷரும் சேர்த்ததும் எங்கே அமுக்கினாலும் கேட்கிறது. 6, 8 இல் மாட்டினேன், எழுந்துவிட்டது! பட்டன் பழைய கனத்தோடு உள்ளே போய், கடைசியில் சன்னமாக ஒரு ‘டிக்’ சத்தம். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எர்த்துக்கும் பெயின்ட் சுரண்டினேன், பீப் வருகிறது.

இப்போது மீதி. பவர் எல்.இ.டி. கனெக்டர் பழையதில் 5 துளை, சாவியின் வயரும் அதே கனெக்டரில்தான் வருகிறது. போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பின். எப்படிப் பொருத்துவது? அப்புறம் அந்த 66 டிஸ்ப்ளே எரியுமா? அதன் பின்னால் ஏராளமான ஜம்பர்கள் (இரண்டு பின்னை இணைக்கும் குட்டி மூடிகள்) இருக்கின்றன.


சால்டரிங் அக்கா:

நல்ல வேலை தம்பி! ரப்பர் மடிப்பை நீங்களே கண்டுபிடிச்சு சரி பண்ணினதைப் படிச்சு மனசு நிறைஞ்சது.

அந்த அஞ்சு துளை கனெக்டர்ல 1 எல்.இ.டி. பிளஸ், 2 காலி, 3 கிரவுண்டு, 4ம் 5ம் சாவி. வெட்ட வேண்டாம். கனெக்டரோட பக்கத்துல ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், ஊசி முனையால அதை லேசா தூக்கிட்டு வயரை இழுத்தா உலோக முனையோட வழுக்கிட்டு வரும். வேற ரெண்டு துளை கனெக்டர்ல அதைச் சொருகினா சரியா பூட்டிக்கும். எல்.இ.டி.க்கு மட்டும் பிளஸ் மைனஸ் உண்டு: பிளஸ் 2ல, மைனஸ் 4ல. மாத்திப் போட்டா எரியாது, கெட்டுப் போகாது, திருப்பிப் போடுங்க. ரெசிஸ்டர் தனியா வேண்டாம், போர்டுலயே இருக்கு. டர்போ எல்.இ.டி. மஞ்சளா ஒண்ணு இருக்குமே, அதை எஸ்.எம்.பி.எஸ்.ஸோட 5 வோல்ட்ல நேரா கொடுத்துடாதீங்க. அங்க 330 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு தொடர்ல வேணும்.

டிஸ்ப்ளே கண்டிப்பா எரியும். பலர் அது போர்டோட வேகத்தை அளந்து காட்டுதுன்னு நினைச்சுட்டு இருந்தாங்க. அதுக்கு வேகமே தெரியாது. அசெம்பிள் பண்ணினவங்க ஜம்பரால எழுதி வெச்ச நம்பர்தான், டர்போ பட்டனை அமுக்கினா ரெண்டு நம்பர்ல ஒண்ணைக் காட்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஜம்பர்: எப்பவும் எரி, டர்போ இருந்தா எரி, இல்லாட்டி எரி, எரியவே எரியாதேன்னு நாலு நிலை. உங்களுதுல 66ம் 33ம் போட்டிருப்பாங்க, 486 டி.எக்ஸ். 2க்கு அதான் வழக்கம். நான் கோடு கோடா ஜம்பர் மாத்தி நம்பர் எழுதின கை, இப்பவும் அந்த வேலை பிடிக்கும். உங்க எஸ்.எம்.பி.எஸ்.ல நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர் இருக்குமே, அதுல சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. டிஸ்ப்ளேக்கு அது ரெண்டு மட்டும்தான். மஞ்சள் 12 வோல்ட், அது டிஸ்ப்ளே பக்கமே போகக் கூடாது. டர்போ பட்டனோட வயரை டிஸ்ப்ளேல விட்டு வெச்சிருந்தா நம்பர் மாறும்.

சாவியை பவர் பட்டனோட தொடர்ல போடுங்க. 6ல இருந்து வர்ற வயர் டேக்ட் சுவிட்சுக்குப் போய், அங்க இருந்து சாவிக்குப் போய், அப்புறம் 8க்கு வரணும். சாவி பிரிஞ்சிருந்தா பட்டன் வேலை செய்யாது. ஒண்ணு பார்த்துக்கோங்க: ஏ.டி.ல கீபோர்டைப் பூட்டறதுக்கு அந்த வயர் கிரவுண்டைத் தொடணும். அதனால பெரும்பாலும் பூட்டின நிலையிலதான் காண்டாக்ட் சேரும், திறந்தா பிரியும். நமக்கு வேண்டியது தலைகீழ். மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, சில பூட்டைக் கழட்டித் திருப்பி மாட்டினா சரியாகலாம். முடியலைன்னா பூட்டின நிலையை ‘வேலை நேரம்’னு வெச்சுக்கலாம். இன்னொண்ணு, சாவி பிரிஞ்சிருந்தா தொங்கிப்போன மெஷினை பட்டனை அமுக்கிப் பிடிச்சும் நிறுத்த முடியாது. அதை வீட்ல மத்தவங்களுக்கும் சொல்லி வைங்க.


திருச்சி மாணவி:

அக்கா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது அலுவலகத்தில் ஏலம் விட்ட பிராண்டட் கேபினெட். அதில் பவர் பட்டன் ஒரு குட்டி போர்டில் இருக்கிறது, பட்டை கேபிள் ஒன்று அதிலிருந்து வருகிறது. என் போர்டின் பின்களில் அது பொருந்தவே இல்லை. அதிலும் பட்டனை இப்படிப் பிரிக்க முடியுமா?


சால்டரிங் அக்கா:

முடியும்மா. அதுல மெயின்ஸ் பயம் கிடையாது, ஏ.டி.எக்ஸ். காலத்துக்கு அப்புறம் வந்தது. பட்டனும் ஏற்கெனவே விட்டா திரும்பற வகைதான். கேபிளை எதுலயும் மாட்டாம, மீட்டரை பீப்ல வெச்சு, பட்டனை அமுக்கினா மட்டும் பீப் அடிக்கற ரெண்டு வயரைத் தேடுங்க. அந்தக் குட்டி போர்டுல பட்டனும் எல்.இ.டி.யும் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்திருக்கும், அதனால ரெண்டுல ஒண்ணு கிரவுண்டா இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கிரவுண்டு 8ல போகணும், மத்தது 6ல. பொதுக் கிரவுண்டா இருந்தா இங்க திசை முக்கியம், மாத்திடாதீங்க. எல்.இ.டி. ரெண்டு கலர்னா அதை இப்போதைக்கு விட்டுட்டு, பட்டனை மட்டும் முடிங்க. பட்டை கேபிளை நடுவுல வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, முதல் வயர் எதுன்னு மார்க்கர்ல குறிச்சிடுங்க. ஏதாவது ஒண்ணுல சந்தேகம் வந்தா போட்டோவோட தனி இழையா போடுங்க, அப்போதான் இந்தத் தம்பியோட கேள்வியும் பிரியாம இருக்கும்.


திண்டுக்கல் டி.டி.பி.:

சாவியில் நீங்கள் சொன்னதுதான் நடந்தது. பூட்டினால் சேர்ந்தது, திறந்தால் பிரிந்தது. பூட்டின் பின்னால் இருந்த நட்டைத் தளர்த்தித் திருப்பிப் பார்த்தேன், ஆனால் உடம்பு ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் துளையில் திரும்ப மறுக்கிறது. துளையை ராவி அகலப்படுத்த விருப்பமில்லை. பூட்டிய நிலையை வேலை நேரமாக வைத்துக்கொண்டேன். டிஸ்ப்ளே எரிகிறது. 66ஐ அப்படியே விட்டுவிட்டேன், டர்போவை விட்டால் 33. பவர் எல்.இ.டி.யும் பச்சையாக வந்துவிட்டது.

மெஷின் அணைந்திருக்கும்போது போர்டிலிருந்து ஸ்டாண்ட்பை கரண்டில் கீபோர்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. இதனால் கெடுதல் உண்டா?


சால்டரிங் அக்கா:

கெடுதல் ஒண்ணுமில்லை. பயாஸ்ல ‘ஈ.ஆர்.பி.’னு ஒரு செட்டிங் பெரும்பாலான போர்டுல இருக்கும். அதை எனேபிள் பண்ணினா அணைஞ்சப்போ யு.எஸ்.பி.க்குப் போற ஸ்டாண்ட்பை நின்னுடும். கீபோர்டால மெஷினை எழுப்பற வசதியும் அதோட போகும், உங்களுக்கு பட்டன் இருக்கே, போகட்டும். மூடி போடறதுக்கு முன்னாடி டேக்ட் சுவிட்ச் வயரை முகப்புத் தகரத்தோட ஒரு டை போட்டுக் கட்டிடுங்க. சி.டி. டிரைவ் மாட்டறப்போ அந்த வயர்தான் முதல்ல இழுபடும்.